மரத்தை நட்டவர் யார்?
வேளாண்மையில் மரத்தின் இடமும் ஈழத்து இலக்கியம் தரும் சான்றும்

பயிர்செய் நிலத்தில் மரத்தையும் சேர்த்து வளர்த்தல் வேண்டும் என்னும் கருத்து இன்று விவசாய ஆய்வாளரிடையே பெருவழக்குப் பெற்றுள்ளது. மண்ணரிப்பைத் தடுத்தல், நிலத்தின் ஈரத்தைப் பேணல், இலைதழையாற் பசளை பெறுதல், விறகும் பழமும் கால்நடைத் தீனும் ஒரே நிலத்திற் கிடைக்கச் செய்தல் முதலாய நன்மைகள் இம்முறைக்கு உண்டென்பதில் ஐயமில்லை. 'வேளாண் காடாக்கம்' என்னும் துறை உருப்பெற்றது 1970களின் பிற்பகுதியிலாகும். 1977இல் ஜோன் பெனேயும் அவர்தம் குழுவினரும் கனடிய நிறுவனமொன்றுக்கு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, நைரோபியைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச ஆய்வு நிறுவனம் ஒன்று தோன்றியது. எனினும் பெயர்தான் புதிது, செயல் புதிதன்று. கண்டிப் பிரதேசத்து வீட்டுத் தோட்டங்களிற் பலாவும் கமுகும் கித்துளும் மிளகுக் கொடியும் அடுக்கடுக்காக வளர்வதையும், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் வேலியிற் பூவரசையும் கிளுவையையும் வளர்த்து அவற்றின் குழையைத் தரையில் தாழ்ப்பதையும் அறிந்த எவரும் இதனை ஒப்புவர்.

விவசாயத்தைப் பற்றிய இவ்விடயத்தில் இலக்கிய ஆய்வாளருக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். மரத்தைப் பற்றி ஒரு சமுதாயம் எவ்வாறு எண்ணுகிறது என்பது அதன் உற்பத்தி உறவுகளினின்றும் பிரித்தறிய முடியாதது. அவ்வெண்ணத்தின் பதிவேடு இலக்கியமேயாகும். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக்கோட்பாடு பற்றிய ஆய்வு, குறிஞ்சியும் முல்லையும் மருதமும் வெறும் இயற்கைப் பின்னணிகளல்ல, சமனற்ற வளர்ச்சியுடைய பொருளாதார அமைப்புகளின் வெளிப்பாடுகளே என்பதை நிறுவிற்று. அவ்வழியிற் செல்லும் நாம் இங்கு எழுப்புவது எளிய வினா ஒன்றே: இலக்கியத்தில் நிற்கும் மரத்தை நட்டவர் யார்? அது யாருடைய நிலத்தில் நின்றது? அதன் இலையை வெட்டிச் சுமந்தவர் யார்?

மரம் ஏனைய பயிர்களினின்றும் வேறுபடுவது காலத்தினாலாகும். நெல் 3 அல்லது 4 மாதத்தில் விளைந்துவிடும். பலா காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். பனை வடலிப் பருவங் கடந்து பயன்தர ஏறத்தாழ 15 ஆண்டுகள் செல்லும். ஆகவே மரத்தை நடுபவர், அந்நிலம் அத்தனை ஆண்டுகளும் தம்மிடமோ தம் மக்களிடமோ இருக்கும் என்னும் உறுதியுடையவராயிருத்தல் வேண்டும். உற்பத்திக் காலம் நீண்டும் உழைப்புக் காலம் குறுகியும் உள்ள காடுவளர்ப்பு, விரைந்த சுழற்சியை நாடும் தனியார் மூலதனத்துக்கு ஒவ்வாத தொழிலென்பதை 'மூலதனம்' நூலின் இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் எடுத்துக்காட்டியுள்ளார். மூலதனத்துக்கு மட்டுமன்று, நாளை வெளியேற்றப்படக்கூடிய குத்தகைக்காரனுக்கும் அது ஒவ்வாது. வயலில் மரம் என்பது தாவரவியற் பிரச்சினையாவதற்கு முன் நிலவுடைமைப் பிரச்சினையாகும். இதனையே இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

1

முதலில் யாழ்ப்பாணத்து முறையை நோக்குவோம். ஆறுகளற்ற அக்குடாநாட்டிற் சுண்ணக்கற் பாறையின்மேல் மெல்லியதாய்ப் படிந்துள்ள செம்மண்ணிலே, கிணற்று நீரைக்கொண்டு செறிந்த பயிர்ச்செய்கை நிகழ்ந்துவந்திருக்கின்றது. அதனைத் தாங்கியவை மாட்டெருவும் குழையுமாகும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்கள் வேலியில் நடப்பெற்றன. அவை தளிர்த்து எல்லையுங் காத்தன, பசளையுந் தந்தன. வேலிக் குழை போதாதபோது காட்டுக் குழை வண்டிகளில் வந்தது. முருக்கு, கிளிசிரிடியா போன்ற அவரைக் குடும்பத்து மரங்கள் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் வளிமண்டல நைதரசனைத் தம்வயப்படுத்துவன. ஆகவே அவற்றின் இலை உக்கும்போது மண் வளம் பெறுகின்றது. இவ்வளவும் இன்று விஞ்ஞானம் விளக்குவது. பெயரறியாத உழவர் தலைமுறைகள் செயலால் அறிந்திருந்தது.

ஆயின் இதனைக் கொண்டு, நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து தன்னிறைவுடன் வாழ்ந்தனர் என்று முடிவு கட்டுதல் வரலாற்றுக்கு மாறானதாகும். இரண்டு காரணங்களைக் கூறலாம். முதலாவது, அக்குழை உணவுப் பயிருக்கு மட்டும் இடப்படவில்லை. திருவிதாங்கூர்ச் சந்தைக்கென விளைவிக்கப்பட்ட புகையிலைக்கும் அது பெருமளவில் தாழ்க்கப்பட்டது. அதாவது, கிராமத்து வேலி கடல் கடந்த வாணிபத்தின் ஓர் உறுப்பாயிருந்தது. 'மரபு' எனப் போற்றப்படும் வேலிகளில் இன்று மிகுதியும் காணப்படும் கிளிசிரிடியாவும் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்ததேயாம். இரண்டாவது, குழை தானாக நிலத்தில் விழுவதில்லை. பச்சைக் குழை ஒரு தொன்னில் ஏறத்தாழ 7 அல்லது 8 கிலோ நைதரசனே உண்டு. 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கின்றது. எனவே ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாக ஏறத்தாழ 3 தொன் குழையை வெட்டி, சுமந்து, பரப்பி, மிதித்துத் தாழ்த்தல் வேண்டும். இயற்கைப் பசளை என்பது பெருமளவுக்கு மனித உழைப்பே. அவ்வுழைப்பு யாருடையது என்பதே வினா. சாதியமைப்பினாற் பிணிக்கப்பட்ட குடிமைகளும் கூலியாட்களும் இன்றி அச்செறிந்த பயிர்ச்செய்கை அந்த அளவில் நிகழ்ந்திருக்க இயலாது.

1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை இவ்விடத்தில் நம் கவனத்துக்குரியது. பிறர் நிலத்தில் மரத்தை நட்டவருக்குரிய பங்கு, அயலான் காணிக்குட் சாய்ந்த மரத்தின் பயன் ஆகியன பற்றியெல்லாம் அது விதி வகுத்துள்ளது. நிலத்தின் உடைமை வேறு, மரத்தின் உடைமை வேறு, நட்ட உழைப்பின் பங்கு வேறு என்னும் நுண்ணிய உணர்வு அங்கு உண்டு. அதே தேசவழமை அடிமைகளைப் பற்றியும் விதி வகுத்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. மரத்துக்கும் மனிதருக்கும் ஒருங்கே உடைமையாளரைக் குறித்த சமுதாயம் அது.

2

இத்தகைய உழைப்பைப் பழைய இலக்கியம் எவ்வாறு கண்டது? கம்பருடையதாக வழங்கும் ஏரெழுபது உழவின் கருவிகளையும் செயல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போற்றுகின்றது. அந்நுணுக்கம் வியப்புக்குரியது. ஆனால் போற்றுதலைப் பெறுவோர் ஏரின் பின் நடந்தவரல்லர். ஏரையும் நிலத்தையும் உடையோரே. உழைப்பின் புகழ் உழைப்பாளரை விட்டு உடைமையாளரைச் சென்றடையும் இவ்விந்தையை நாம் பன்முறையும் காண்கின்றோம்.

பள்ளு இலக்கியம் இதனினும் ஒருபடி கீழிறங்கி வந்தது. ஈழத்திலே கதிரமலைப் பள்ளும், நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளும் அம்மரபைப் பேணின. நெல்லின் வகை, மாட்டின் வகை, ஏரின் உறுப்பு என அடுக்கிச் செல்லும் அவ்விலக்கிய வகை, உழைக்கும் பள்ளனையும் அவன் மனைவியர் இருவரையுமே பாத்திரங்களாக்கிற்று. பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டும் காட்சியும் அதன் இன்றியமையாத உறுப்பாகும். நகைச்சுவையென அது கருதப்பட்டபோதிலும், உழுவோன்மீது நிலவுடைமை செலுத்திய உடல்வன்முறையின் சான்றாக அதனைக் கொள்ளுதல் தகும்.

எனினும் மரத்தைப் பொறுத்தவரையிற் பள்ளு பழைய நெறியை விட்டகலவில்லை. மாவும் பலாவும் வாழையும் நாட்டு வளம் கூறும் பகுதியில் வருகின்றன. அங்கு பழம் தானே கனிந்து விழும், தேன் தானே வழியும். நெல்லுக்கு உழைப்பு உண்டு, மரத்துக்கு உழைப்பில்லை. நெல் உற்பத்தியாகின்றது, மரமோ இருக்கின்றது. மரத்தை இயற்கையின் கொடையாகவும் மன்னனது செங்கோலின் அறிகுறியாகவும் கண்ட இப்பார்வை, நட்டு நீரூற்றி வளர்த்த கையை மறைத்துவிடுகின்றது. இன்றைய அபிவிருத்தி அறிக்கைகளும் நாட்டு வளப் பாடல்களைப் போலவே, மரம் தரும் நன்மைகளை அடுக்கிவிட்டு, அதனை நடுவதற்கு நிலமுடையவர் யார் என்ற வினாவைக் கடந்து சென்றுவிடுகின்றன.

3

காலனித்துவம் இவ்வினாவைக் கூர்மைப்படுத்திற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குரியனவாகக் கொண்டது. 1897இன் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அதனை மேலும் இறுக்கிற்று. காட்டை வெட்டி எரித்து ஓரிரு போகம் பயிரிட்டபின், மரங்கள் மீண்டும் வளரும்வரை நிலத்தைக் கிடப்பில் விடுவதே சேனைச் செய்கை. நீண்ட கிடப்புக் காலம் இருக்குமட்டும் அதுவும் மரத்தையும் பயிரையும் காலத்தால் மாறிமாறி இணைக்கும் முறையாகும். கிடப்புக் காலம் சுருங்கின் அது அழிவாகும்.

இந்நிலையைச் சித்திரித்த படைப்புகளுள் லெனாட் வுல்ஃப் 1913இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, காட்டினுள் அமைந்த கிராமமொன்றின் கதையான நாவல் தலையாயது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர் அவர். பெத்தகம என்னும் கிராமத்தில் வேடன் சிலிந்துவின் குடும்பம் படிப்படியாக அழிகின்றது. இறுதியிற் கிராமமே அழிந்து காடு வந்து மூடிக்கொள்கின்றது. இந்நாவலைக் காட்டின் கொடுமையையும் மனிதவிதியின் இருளையும் கூறுவதாக வாசிப்பதே பொதுவழக்கு. ஆசிரியரின் நடையும் அதற்கு இடந்தருகின்றது. அவருக்குக் காடு தீமையின் உருவம்.

ஆயின் கதையின் நிகழ்ச்சிகள் ஆசிரியரின் கண்ணோட்டத்தை மறுத்து நிற்கின்றன. சிலிந்துவின் குடும்பத்தை முறிப்பது காடன்று. சேனைக்கான அனுமதிச் சீட்டைப் பகையின் காரணமாக மறுக்கும் கிராமத் தலைவனும், கடன்கொடுத்துக் கிராமத்துட் புகும் பெர்னாண்டோவும், அவ்விருவருக்கும் பின்னால் நிற்கும் சட்டமுமே அதனை முறிக்கின்றன. ஒவ்வோராண்டும் அனுமதிக்காகத் தலைவனின் வாயிலில் நிற்க வேண்டியவன், அடுத்த ஆண்டுக்கான மரத்தை எங்ஙனம் நடுவான்? பெத்தகமவில் மரம் மனிதருக்குப் பகையாயிருப்பதன் காரணம், அங்குள்ள மரமெதுவும் மனிதருடையதாயில்லை என்பதே. தம் வர்க்க நிலையைக் கடந்து உண்மையைப் பதிவுசெய்யும் யதார்த்தவாதத்தின் வெற்றிக்கு பல்சாக்கை ஏங்கெல்ஸ் சான்றாகக் கொண்டார். காலனித்துவ அதிகாரியொருவரின் நாவலிலும் அத்தகைய வெற்றியை நாம் காண்கின்றோம்.

சேனைக்காரரைக் கொண்டே காடுவளர்க்கும் 'தவுங்யா' முறை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பர்மாவிலே டீட்ரிக் பிராண்டிஸ் காலத்தில் உருவாக்கப்பட்டது. கரேன் மக்கள் தேக்குக் கன்றுகளை நட்டு, அவற்றிடையே சில ஆண்டுகள் தம் உணவுப் பயிரைச் செய்துகொள்ளலாம். கன்று உயர்ந்து நிழல் விழுந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்தல் வேண்டும். மரமும் பயிரும் ஒரே நிலத்திற் செம்மையாக இணைந்த முறையே இது. நட்டவருக்கோ மரம் இல்லை, நிலமும் இல்லை. வேளாண் காடாக்க நூல்கள் தம் துறையின் முன்னோடிகளுள் ஒன்றாக இதனையே குறிப்பிடுகின்றன என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

4

பெருந்தோட்டத்தின் வரலாறு இம்முரண்பாட்டை இன்னுந் தெளிவாக்கும். மலைநாட்டுக் காடு அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1869இல் இலைத்துருநோய் தோன்றியது. 1880 முதல் 1882 வரை அந்நோயை ஆராய்ந்த மார்ஷல் வோட், இடையீடின்றிப் பரந்து கிடந்த ஓரினப் பயிரே நோய் பரவ வாய்ப்பாயிற்று என்பதைச் சுட்டிக்காட்டினார். மூலதனம் அப்பாடத்தைக் கற்கவில்லை. அது கோப்பியை விட்டுத் தேயிலைக்குத் தாவிற்று. எனினும் ஓரளவு இணக்கம் தேவைப்பட்டமையாற் கிறவிலியா, அல்பீசியா, முள்முருக்கு முதலிய மரங்கள் தேயிலை மலைகளில் நிழலுக்கும் தழைக்குமாக நடப்பட்டன. அவற்றின் கிளைகளைத் தறித்துச் செடிவரிசைகளுக்கிடையே பரப்புவது தொழிலாளரின் வேலையாயிற்று.

ஆகவே, பயிருடன் மரத்தை இணைத்தல் என்னும் கோட்பாட்டைத் தொழில்நுட்ப அளவிற் பெருந்தோட்டம் நன்கறிந்திருந்தது. அங்கு குறைந்தது மரமன்று. மரத்தை நட்டும் தறித்தும் வந்த மனிதருக்கு, தமக்கென ஒரு முருங்கையைத்தானும் உறுதியோடு நட்டுக்கொள்ள நிலமிருக்கவில்லை. லயத்துக் கோடியிற் சிறு மரக்கறித் தோட்டம் செய்யலாம்; அதுவும் நிருவாகம் விரும்பும்வரையிலேதான். அடுப்பெரிக்கக் கவ்வாத்து மிலாறே கதி. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியபோது, மரம் நடுவதற்கு வேண்டிய எதிர்காலமே சட்டத்தாற் பறிக்கப்பட்டது.

1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டம் பற்றிய நெடுங்கவிதையைச் சக்தீ அ. பாலையா தமிழாக்கினார். அக்கவிதையை இழப்பின் புலம்பலாக மட்டும் காண்பது போதாது. தேயிலைத் தூரின் அடியிற் புழுதியோடு புழுதியாகிய முன்னோருக்கு அடையாளமொன்றும் இல்லை என்ற துயரம் அதன் உயிர்நாடி. மண்ணுக்கு உரமாகிய மனிதருக்கு அம்மண்ணில் உரித்தில்லை என்பதை வேலுப்பிள்ளை இறந்தவரின் உடலைக்கொண்டே உணர்த்துகின்றார். இறந்தவர் நினைவாக ஒரு மரத்தை நட்டு வளர்ப்பதற்குக்கூட நிலவுரிமை வேண்டும் என்பதை அக்கவிதையைப் படித்தபின் நாம் மறக்கவியலாது. 1975இற் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டன. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிலத்தோடு தொழிலாளருக்குள்ள உறவு இரு மாற்றங்களாலும் அடிப்படையில் மாறவில்லை. அண்மைக் காலத்திற் பேசப்படும் 7 பேர்ச் காணி வீட்டுக்கே போதுமானதன்றி, மரத்துக்கும் பயிருக்கும் இடந்தருவதன்று.

வடக்கே பனையின் கதையும் இதற்கு அயலானதன்று. தமிழிலே பனையைப் போலப் புகழப்பெற்ற மரம் அரிது. ஆனால் கற்பகதரு என்று புகழ்ந்தோர் அம்மரத்தில் ஏறியவரல்லர். மரம் ஒருவருடையது, நாள்தோறும் அதிலேறி உயிரைப் பணயம் வைத்துச் சீவியவர் வேறொருவர். சீவியவர் மரத்துக்குரிய குத்தகையையும் செலுத்தி, தீண்டாமையையும் சுமந்தார். கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. அதே ஆண்டிற் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களும் அமைக்கப்பட்டமை வரலாற்றுப் பொருத்தமுடையது. டானியலின் நாவல்களிற் கோயிலும் கிணறும் தேநீர்க்கடையும் போராட்டக் களங்களாவது பற்றி விமரிசகர் பலர் எழுதியுள்ளனர். அவற்றின் அடித்தளமாயுள்ள குடியிருப்பு நிலம் பற்றி எழுதியோர் சிலரே. உடைமையாளரின் காணியிற் குடியிருந்து, எதிர்த்து நின்றால் குடியெழுப்பப்படும் மக்கள், வேலியில் ஒரு கதியாலை நடுவதும் அரசியற் செயலேயாகும்.

5

இவ்விடத்தில் எம்மையும் நாம் விமரிசித்துக்கொள்ளல் வேண்டும். முற்போக்கு விமரிசனம் இயற்கை வருணனையை நெடுங்காலம் நழுவல் இலக்கியத்தின் குறியாகவே கருதிவந்தது. அதற்கு அக்காலத்தில் நியாயமும் இருந்தது. ஆயின் மரத்தை அழகியல்வாதிகளுக்கு விட்டுக்கொடுத்ததன் மூலம், மண்ணின் வளத்தையே உறிஞ்சும் சுரண்டலையும் நாம் காணத் தவறினோம். உழைப்பாளரைக் கொள்ளையிடும் கலையோடு மண்ணைக் கொள்ளையிடும் கலையும் முதலாளித்துவ விவசாயத்தில் உடன்வளர்வதை 1867இலேயே மார்க்ஸ் உணர்த்தியிருந்தார். 1842இல் அவர் பத்திரிகையாளராக எழுதிய முதற் கட்டுரைகளுள்ளே விறகு பொறுக்கும் ஏழைகளைத் திருடராக்கிய ரைன்லாந்துச் சட்டத்துக்கு எதிரானவையும் அடங்கும். மரத்தின் உடைமை பற்றிய வினா மார்க்ஸியத்தின் புறத்தேயுள்ளதன்று. அதன் தோற்றுவாயிலேயே நிற்பது.

2021இன் அனுபவம் இவ்வாய்வைப் புத்தக ஆராய்ச்சியாக மட்டும் நின்றுவிடாதபடி செய்கின்றது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்தது. நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. இடையிற் பெரும்போகம் தொடங்கியிருந்தது. விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. சேதனப் பசளைமீது பழியைப் போட்டவரும் உண்டு, விவசாயிமீது போட்டவரும் உண்டு. ஒரு மூடை யூரியாவுக்கு ஈடான 3 தொன் குழை எந்த வேலியில் வளர்ந்து நின்றது, அதனை வெட்டக் கூலி யார் தருவது என்று வினவியோர் மிகச் சிலர். மரத்தை வர்த்தமானி அறிவித்தலால் வளர்க்கவியலாது. அதற்கு ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளுக்குக் காணியுறுதி வேண்டும். 1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்கு உரிமை வழங்க முனைந்ததும் வயலிலேயன்றி, மரம் வளரும் மேட்டுநிலத்திலன்று.

ஆகவே, நிலத்தில் மரத்தைச் சேர்க்க விழைவோர் முதலில் மரத்தை நடுபவரை நிலத்தோடு சேர்த்தல் வேண்டும். குத்தகையாளருக்கு நீண்டகால உறுதியும், நட்ட மரத்தின் பயனில் நட்டவருக்குச் சட்டபூர்வமான பங்கும், தோட்டத் தொழிலாளருக்குப் பயிர்செய்யத்தக்க அளவிற் காணியும், குழையும் எருவும் சேர்க்கும் உழைப்புக்கு ஊதியமும் இன்றி, இம்முறையைப் பரப்ப எழுதப்படும் திட்டங்கள் நாட்டு வளப் பாடல்களாகவே நின்றுவிடும்.

இலக்கிய மாணவருக்கும் இதிலே பணி உண்டு. மரம் வரும் பக்கங்களை வருணனை எனத் தாண்டிச் செல்லாது, அங்கு மறைந்துள்ள உழைப்பைத் தேடி வாசித்தல் அப்பணியாகும். வன்னிக் குடியேற்றங்களையும் கிழக்கிலங்கை வயல்களையும் மலையகத்தையும் பாடிய, எழுதிய படைப்புகள் அவ்வாசிப்பை எதிர்நோக்கி நிற்கின்றன. அவற்றிலே மரம் நிற்கும் இடங்களிலெல்லாம், அதனை நட்டவரின் பெயர் இல்லாதிருப்பதையேனும் நாம் குறித்துவைப்போமாக.